பிளக்கைக் கழற்றியது யார்?

"நான்தான் டாக்டரம்மா. தரை துடைக்கும்போது ஃபிரிட்ஜ் பிளக்கைக் கழட்டினேன். மாட்ட மறந்துட்டேன்."

துப்புரவுக்காரி இப்படி ஒத்துக்கொண்டு மூன்று நாளாகிறது. குழந்தைகளுக்கான தடுப்பூசி மருந்து அத்தனையும் ஒரே ராத்திரியில் கெட்டுக் குப்பைக்குப் போனது. அவளுக்கு வேலை உண்டா இல்லையா என்று இன்று பத்து மணிக்கு டாக்டர் சொல்வார்.

மூன்று நாளாகச் சாப்பாடு இறங்காதது என்னவோ பெரிய சிஸ்டருக்குத்தான்.

ஏனென்றால் பிளக்கைக் கழற்றியது அவர். அன்று மதியம் வெந்நீர் போட, ஃபிரிட்ஜ் பிளக் இருந்த இடத்தில் தன் கெட்டிலை மாட்டினார். மற்ற நர்ஸுகள் வேத வாசிப்புக்குக் காத்திருந்தார்கள். வெந்நீரை ஊற்றிக்கொண்டு ஓடியவர் ஃபிரிட்ஜை அடியோடு மறந்துவிட்டார்.

'தினமும் துடைக்கிறவள், தன் கைதான் பட்டிருக்கும்னு நினைச்சுட்டா போல' என்று மனசைத் தேற்றிப் பார்த்தார். முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது?

இன்று காலை வேதத்தைத் திறந்தால், பொய்யை விட்டு மெய் பேசச் சொல்லும் வரி. எப்போதோ பென்சிலால் கோடு போட்டது. கோடு போட்டால் கீழ்ப்படிந்ததாகிவிடுமா?

"ஆண்டவரே, அவளுக்கு வேற நல்ல வேலையா கொடும்" என்று ஜெபித்தார்.

பதில் இல்லை. இருந்தது, இவருக்குப் பிடிக்கவில்லை.

ஆண்டவர் எங்கோ தூரத்தில் இருப்பதுபோல இருந்தது. தள்ளிப் போனது தான்தான் என்று சிஸ்டருக்குத் தெரியும்.

மணி பத்து. டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"மன்னிச்சுக்கோம்மா. நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம்."

அவள் தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். சிஸ்டர் கதவோரம் நின்றிருந்தார். வாயைத் திறந்தால் நர்ஸ் பதிவே ரத்தாகலாம். திறக்காவிட்டால், நாளை எந்த முகத்தோடு அந்தப் புத்தகத்தைத் திறப்பது?

"டாக்டர், ஒரு நிமிஷம்." சிஸ்டர் மேஜைக்கு அருகில் வந்தார். "அவ கழட்டல. கெட்டில் மாட்ட நான்தான் கழட்டினேன்."

சொல்லிவிட்டார். மூன்று நாளுக்குப் பிறகு மூச்சு முழுசாக வந்தது.

டாக்டர் துப்புரவுக்காரியைப் பார்த்தார். "அப்ப நீ ஏம்மா ஒத்துக்கிட்ட?"

"காலையில முதல்ல வந்தது நான்தான். ஃபிரிட்ஜ் பிளக் இடத்துல இருந்த சிஸ்டரோட கெட்டிலைக் கழட்டி அலமாரியில வச்சதும் நான்தான்." அவள் முந்தானையைத் திருகினாள். "எனக்கு வேலை போனா இன்னொரு இடத்துல துடைப்பேன். சிஸ்டருக்குப் போனா, படிச்ச படிப்பே போயிடும்."

"அதுக்காக? யாராவது இப்படிப் பழியை ஏத்துக்குவாங்களா?" சிஸ்டர் அவளிடம் கேட்டார்.

"நீங்கதானே சிஸ்டர் ஒரு மத்தியானம் சத்தமா வாசிச்சீங்க, அடுத்தவங்க பாரத்தைச் சுமக்கணும்னு? எனக்கு எழுத்துத் தெரியாது. காதுல விழுந்த அந்த ஒண்ணையாவது செஞ்சு பாப்போமேன்னுதான்."