எண்பதாம் பக்கத்துக்குப் பிறகு

“அண்ணன் சொல்றது தப்பு லா அக்கா!”

சிலிபின் வட்டாரத்திலுள்ள கத்தரின் வீட்டு வாசலில் லோரியை நிறுத்தியதும் நிறுத்தாததுமாக, மூன்று நாவல்களோடு தர்மேந்திரன் சண்டைக்கு வந்தான். கத்தரினின் கணவர் செபாஸ்டியனைத்தான் சொல்கிறான்.

“துப்பறியும் கதையில கொலைகாரன் யாருன்னு பாதியிலயே தெரிஞ்சிருச்சாம். எனக்குக் கடைசி வரைக்கும் தெரியலக்கா.”

“அவரு அப்படித்தான் பீத்திக்குவாரு. காதல் கதை?”

“அந்தப் பொண்ணுக்கு ரோஷமே இல்லைன்னு திட்டுறாரு. பிள்ளைக்காகத்தானே அவ பொறுத்துப் போனா?”

“நானும் அதையேதான் சொன்னேன், கேட்டாரா? தோட்டத்துக் கதைக்கு என்ன சொல்றாரு?”

தர்மேந்திரன் குரல் இறங்கியது. “எண்பதாம் பக்கம் வரைக்கும்தான்க்கா ஓரத்துல பென்சில்ல எழுதியிருக்காரு. அதுக்கப்புறம் ஒன்னுமே இல்ல.”

செபாஸ்டியன் இறந்த முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள், பழைய பேப்பரோடு சேர்த்து கத்தரினே அவன் லோரியில் ஏற்றிவிட்ட புத்தகங்கள் அவை.

“இதை மட்டும் நீங்களே வச்சுக்குங்கக்கா.”

கத்தரின் வாங்கி, எண்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசையில் பென்சிலைத் தேடி எடுத்தாள்.

“அடுத்த மாசம் வந்து வாங்கிட்டுப் போ தம்பி. மிச்சத்துக்கு நான் எழுதி வைக்கிறேன். அண்ணன்கிட்ட போட்ட சண்டையை என்கிட்டயும் போடணும், சரியா?”