கிழிந்த இடம்

அந்தத் துண்டும் கிழிந்தது. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம், தையல் பிரிவில் உட்கார்ந்திருந்தவள் தைப்பதை நிறுத்தினாள்.

அந்தப் பக்கம் அவள் கணவன் தார்ப்பாய் ஒட்டும் மெஷின்மேல் குனிந்திருந்தான். இரண்டு பிளாஸ்டிக் ஷீட்டுகளின் விளிம்பைச் சூடான காற்றில் இளக்கி, உருளையால் அழுத்தி ஒன்றாக்கும் மெஷின். சூடு, வேகம், அழுத்தம் மூன்றையும் சரியாக வைத்துப் பக்கத்தில் நிற்கும் போர்மேனிடம் காட்டினால் வேலை.

முதல் துண்டு ஒட்டவேயில்லை, தோல் மாதிரி உரிந்து வந்தது. வேகத்தைக் குறைத்தான். அடுத்தது கருகிப் புகைந்தது. சூட்டை இறக்கினான். இப்போது கிழிகிறது.

"உன் வீட்டுக்காரரு மெஷினை செட் பண்றாரா, சமாதானம் பண்றாரா?" என்றாள் பக்கத்துத் தையல்காரி.

இவள் சிரிக்கவில்லை. அவன் வலது மணிக்கட்டை மெஷின் விளிம்பில் முட்டுக்கொடுத்துதான் குமிழைத் திருகினான். காய்ச்சலில் விழுந்து எழுந்ததிலிருந்து அந்தக் கை நடுங்கியது. போன இடங்களில் எல்லாம் அதைப் பார்த்துத்தான் அனுப்பிவிட்டார்கள்.

காலையில் அவன் சட்டைக்கு அவள் பொத்தான் போட்டுவிடும்போது சொன்னான். "அங்க யாருக்கும் தெரியக் கூடாது. இதுவும் போச்சுன்னா என்னை ஒருத்தனும் சீந்த மாட்டான்."

"நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?" என்றாள்.

போர்மேன் கடைசித் துண்டின் ஒரு முனையை மேஜையோரத்து இரும்புப் பிடியில் இறுக்கினார். மறுமுனையைக் குறட்டால் பிடித்து, காலை ஊன்றி இழுத்தார். ஷீட்டு டர்ரென்று கிழிந்து கையோடு வந்தது.

ஒட்டிய கோடு அப்படியே இருந்தது. அதைக் கட்டைவிரலால் ஒரு முறை நீவினார். ஏதோ சொல்லி, மெஷினை நிறுத்தும்படி கையசைத்தார்.

தையல் பிரிவில் துணி கிழிந்தால் தைத்தவள் தலையில்தான் விடியும். அவளுக்கு வேறு எதுவும் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

போர்மேன் கதவைத் திறந்து வெளியே வந்தார். அவள் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. அவர் வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"சார், அவருக்கு வேலை தெரியாதுன்னு மட்டும் நெனச்சிராதீங்க. கைதான் சார். காய்ச்சலுக்கு அப்புறம் நடுங்குது. அதனாலதான் எல்லாம் கிழியுது. மெஷின் வேணாம் சார். கூட்டிப் பெருக்குற வேலையாவது குடுங்க. ரெண்டு பிள்ளைங்க இருக்கு."

அவர் கையிலிருந்த துண்டைப் பார்த்தார். பிறகு திரும்பிக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்தார். அவன் மெஷினில் சாய்ந்துகொண்டு, எத்தனையோ நாளைக்குப் பிறகு, அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒட்டு விட்டாத்தாம்மா தப்பு," என்றார் போர்மேன். "ஒட்டு நிக்கணும், ஷீட்டு கிழியணும். அதுதான் டெஸ்ட்டு. நாளைக்கே வந்து சேரச் சொல்லிட்டுத்தான் வரேன்."

கும்பிட எழுந்த அவள் கைகள் பாதியில் நின்றன.

அவர் துண்டை மெல்ல மடித்தார்.

"எந்தக் கைம்மா நடுங்குது?"