கவிழ்ந்து கிடந்த ரோபோ

பத்தாயிரம் பெசோ என்று தட்டிவிட்டு அனலின் கைப்பேசியைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தாள். உடனே நிமிர்த்திப் பார்த்தாள்.

பதினோராயிரம் என்று கேட்டிருந்தான் யாரோ ஒரு போலோ.

பழைய பொம்மை விற்கும் இணையக் குழுவில் ஏலம் முடியச் சில நிமிடங்கள்தான் இருந்தன. கேன்டீனில் வாங்கிய மீன் ஆறிப்போயிருந்தது.

படத்தில் ஓர் அட்டைப்பெட்டி நிறைய பர்கர் கடையில் இலவசமாகத் தரும் பிளாஸ்டிக் பொம்மைகள். எடுத்தால் மொத்தமாக எடுக்க வேண்டும், விற்கிறவன் தனித்தனியாகத் தரமாட்டான். எல்லாம் குப்பை.

அந்தக் குப்பைக்கு நடுவே ஒரு சிவப்புத் தகர ரோபோ குப்புறக் கிடந்தது. முதுகில் சாவி.

தலைப்பில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விற்கிறவனுக்கு அதன் மதிப்பு தெரியவில்லை என்று காலையில் சந்தோஷப்பட்டிருந்தாள். போலோவுக்குத் தெரிந்திருக்கிறது.

அதே மாதிரி ஒன்றுதான் அம்மா வேலை பார்க்கும் வீட்டில் காணாமல் போயிருந்தது. அந்த வீட்டு ஐயாவுக்குப் பழைய பொம்மை சேர்க்கிற பைத்தியம். கண்ணாடி அலமாரியைத் துடைப்பது அம்மா. ஆகவே திருடியும் அம்மாதான்.

சனிக்கிழமைக்குள் பொம்மை அலமாரியில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை, போலீசும் வரும் என்று வீட்டுக்காரம்மா சொல்லிவிட்டாள். பதினெட்டு வருஷம் அவள் வீட்டுக் கக்கூஸைக் கழுவியவளிடம்.

எடுக்காததை எதற்குத் திருப்பி வைக்க வேண்டும், நான் வந்து கேட்கிறேன் என்று நேற்று ராத்திரி அனலின் குதித்தாள். அம்மா துணி மடிப்பதை நிறுத்தவில்லை.

"நீ படிச்சவ, கத்திட்டு வந்துருவ. நான்ல அங்க இருக்கணும். அலமாரிக்குப் பின்னால விழுந்து கெடந்துச்சுன்னு ஒண்ணை வெச்சுட்டா முடிஞ்சு போச்சு."

இன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பன்னிரண்டாயிரம் என்றாள். பதின்மூன்று என்றான் போலோ. கீழே வேடிக்கை பார்க்கிற கூட்டம் கும்மியடித்தது. விடாதே அக்கா, வீட்டை விற்றாவது வாங்கு என்றான் ஒருவன். பர்கரும் சேர்த்துத் தருவார்களா என்று கேட்டான் இன்னொருவன்.

கேட்டுவிட்டுப் பின்வாங்கினால் ஏமாற்றுக்காரி என்று படத்தைப் போட்டுக் குழுவே காறித் துப்பும். அது அவளுக்குத் தெரியும். பதினைந்தாயிரம் என்று தட்டினாள். அவளுடைய ஒரு மாதச் சம்பளம்.

எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஜோவி எட்டிப் பார்த்தாள்.

"பொம்மை வெச்சு விளையாடற வயசாடி உனக்கு?"

அனலின் திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். போலோ அதற்கு மேல் கேட்கவில்லை.

ஏலம் முடிந்தது. பெட்டி அவளுக்கு.

விற்றவன் மனசு மாறிவிடுவானோ என்ற பயத்தில் உடனே பணத்தை அனுப்பினாள். ரகசிய எண்ணை ஒரு தடவை தப்பாகப் போட்டாள். பணம் போய்ச் சேர்ந்தது. இன்றே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன், அவசரம் என்று எழுதினாள்.

முகவரி வந்தது. தெருப் பெயர். கூடவே, பச்சை கேட் என்று அடையாளம்.

அவள் இரண்டாவது முறை படித்தாள். கல்லூரிக்குப் போன நான்கு வருஷமும் அந்தப் பச்சை கேட்டுக்கு வெளியே நின்றுதான் அம்மாவிடம் ஃபீஸ் பணம் வாங்கிப் போவாள். உள்ளே ஒரு நாளும் விட்டதில்லை. அந்த வீட்டுப் பையன் மட்டும் காரில் அவளைக் கடந்து போவான்.

விற்றவன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான்.

"எங்க வீட்டு வேலைக்காரம்மா கேட்டுக்கு எடுத்துட்டு வந்து தருவாங்க. உள்ள என்னன்னு அவங்ககிட்ட சொல்ல வேண்டாம். இன்னிக்கு முடியலன்னா நாளைக்குக் கண்டிப்பா வந்துருங்க அக்கா. ஞாயித்துக்கிழமைலேர்ந்து அவங்க இருக்க மாட்டாங்க."