தனியாக நின்ற புள்ளி

புள்ளிவிவர வரைபடங்களில் புள்ளிப்படத்தை யாரும் சபைக்கு அழைப்பதில்லை. அவள் எடுப்பாக இருக்கமாட்டாள். நாய்க் காப்பகத்தில் ஆறு குட்டிகளின் எடையைச் சுவரில் காட்டவேண்டும் என்றதும் பட்டைப்படமும் வட்டப்படமும் முந்திக்கொண்டார்கள்.

"சராசரி எடை நன்றாயிருக்கிறது. ஒரே பட்டையில் முடித்துவிடலாம்," என்றார் பட்டைப்படம்.

"என் வண்ணங்களுக்கு ஈடாகுமா?" என்றாள் வட்டப்படம். "நீ எதற்கடி வந்தாய், கொசு கடித்த முதுகு மாதிரி?"

புள்ளிப்படம் குட்டிக்கு ஒன்றாக ஆறு புள்ளிகளை வைத்தாள். ஐந்து நெருக்கியடித்து நின்றன. ஒன்று மட்டும் எடை குறைந்த கோடியில் தனியாக நின்றது.

"யாரது?" என்றார் பட்டைப்படம்.

"கடைக்குட்டி. உங்கள் சராசரிக்குள் இவளும் கொழுகொழுவென்றுதான் இருந்தாள், அண்ணே."

அதைப் பார்த்த காப்பக மருத்துவர் அன்றே கடைக்குட்டிக்குத் தனியாகப் பால் புகட்டினார். புள்ளிப்படம் இப்போது பால்புட்டி அலமாரிக்கு மேலே தொங்குகிறாள். இன்னமும் எடுப்பாக இல்லை.