மிதியடி அளவு மண்

"இந்த மூலையில சருகைச் சுத்தி மட்டும் யாருங்க இப்படி மிதிச்சு வச்சது? ரோடு ரோலர் ஓட்டின மாதிரி இருக்கு" என்று கேட்டுக்கொண்டே தோட்டக்காரர் கடப்பாரையைக் கையில் எடுத்தார்.

வீட்டுக்குப் பின்னால் இருந்த மண்ணை முழுக்கக் கொத்திப் போடச் சொல்லி அவரை வரவழைத்தது நான்தான்.

சுவரோர மூலையைப் பற்றி அவரிடம் வாயைத் திறக்கவில்லை. சொல்ல மறந்துவிட்டேன் என்று பிறகு மனைவியிடம் சமாளித்துக்கொள்ளலாம். தினமும் அந்த மூலையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட என்னால் முடியவில்லை.

மூன்று வருடமாக எங்கள் வீட்டில் அந்த மூலை வைத்ததுதான் சட்டம்.

காய்கறித் தோல், டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் மூடி போட்ட ட்ரம்மில் மக்கிக் கறுப்பாகும். அதில் ஒரு பிடிகூடத் தக்காளிச் செடிக்குக் கிடைக்காது. அத்தனையும் வாசல் மிதியடி அளவே உள்ள அந்த இடத்துக்குத்தான். மேலே தூவுவாள், சருகு போட்டு மூடுவாள், தண்ணீர் தெளிப்பாள்.

கொத்த மாட்டாள். மண்புழு பார்த்துக்கொள்ளும் என்பாள்.

மண்புழுவுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது லீவு உண்டா என்று ஒருமுறை கேட்டேன். அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை.

இப்போது ஈரக் கையோடு சமையலறையிலிருந்து ஓடி வந்தாள். சருகின்மேல் கால் படாமல் மண்டியிட்டு, குறுக்கே இரண்டு கைகளையும் நீட்டினாள். ஓங்கிய கடப்பாரை ஒரு சாண் மேலே நின்றது.

தோட்டக்காரர் என்னைப் பார்த்தார்.

"அந்த இடத்தை விட்டுடுங்க" என்றேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாக மறுபக்கம் போனார்.

அவள் சருகை விலக்கினாள். என் கையைப் பிடித்து இழுத்து, விரலை மண்ணில் அழுத்தினாள். இரண்டு கணு வரை இறங்கியது. உள்ளே சில்லென்று இருந்தது.

"போன வருஷம் நகம்கூட இறங்கல" என்றாள்.

இறங்காது. அதை மிதித்து இறுக்கியவன் நான்தான்.

தெரு நாய்கள் தோண்டிவிடக் கூடாதே என்று ஷூவைப் போட்டுக்கொண்டு மிதித்தேன். போதும் என்று தோன்றிய பிறகும் மிதித்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து கட்டி வந்த புடவையைக்கூட மாற்றாமல் அவள் ஜன்னலில் நின்றிருந்தாள்.

'மெதுவாங்க' என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

அவளுக்கு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. சுற்றுவதற்கு முகம் துடைக்கிற துண்டே போதுமாக இருந்தது.