உள்ளங்கைச் சீனி

நானுஓயா ஸ்டேஷனில் பனி இன்னும் விலகவில்லை. தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் புதுக்கூரை போடச் சொல்லும் சட்டத்தைத் தள்ளிப்போடக் கேட்டு, தேயிலைத் தோட்டக் கம்பெனிகள் தந்த மனுவோடு நிற்கிறேன். மந்திரிகளை வழியில் பிடிப்பதுதான் என் உத்தியோகம். மந்திரி ரயிலைவிட்டு இறங்குகிறார். கொழுந்தெடுக்கும் மூக்காயி என்னை முந்திக்கொள்கிறாள். அவருடைய ஒரு கையில் ஆவி பறக்கும் தேத்தண்ணி, மறு உள்ளங்கையில் நக்கிக்கொண்டே குடிக்கச் சீனி வைக்கிறாள்.

"சுடுதுங்க ஐயா, மெதுவாக் குடிங்க. அதுக்குள்ள எங்க லயம் ஒழுகுற கதையச் சொல்லிர்றேன்."

அவர் சீனியை நக்கி நக்கிக் கேட்கிறார். என் மனுவை வாங்க அவருக்குக் கையில்லை. என் தொழிலில் இப்படியொரு கெட்டிக்காரியை நான் கண்டதேயில்லை. கோப்பை காலியாகிறது. நான் முன்னே நகர்கிறேன்.

"இந்த ஐயாவுக்கும் ஒண்ணு" என்று தேத்தண்ணியும் சீனியுமாக என் பக்கம் திரும்புகிறாள். மனுவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் நீட்டுகிறேன்.