நூற்று நாற்பத்தொரு முடி

"நூத்தி நாப்பத்தொண்ணு!"

நான் போட்ட சத்தத்துல அடுத்த அறையிலிருந்து டாக்டரே எழுந்து ஓடி வந்துட்டார்.

மூணு தடவை எண்ணிட்டேன். அதே நூத்தி நாப்பத்தொண்ணு. ஆறு மாசத்துக்கு முன்னாடி இதே மனுஷனுக்கு இதே இடத்துல நூத்திப் பன்னெண்டுதான் இருந்துச்சு.

எங்க தோல் ஆஸ்பத்திரியில என் வேலையே இதுதான். தலையில ஒரு சதுர சென்டிமீட்டரை ஒட்ட வெட்டி, அடையாளத்துக்கு ஊசி முனையளவு ஒரு புள்ளி பச்சை குத்தி, பெரிசாப் படம் எடுத்து, ஒவ்வொரு முடியா எண்ணணும். எல்லாரும் என்னை 'எண்ணுற சிஸ்டர்'னுதான் கூப்பிடுவாங்க.

தூக்கத்துக்காக நம்ம மூளை சுரக்குதே மெலடோனின், அதை லோஷனா ஆக்கி, சாயங்காலம் ஒரு மில்லி தலையில தடவினா முடிக்கும் தோலுக்கும் நல்லதான்னு பார்க்கிற ஆராய்ச்சி. பாதிப் பேருக்கு மருந்து கலந்த பாட்டில், பாதிப் பேருக்குக் கலக்காத பாட்டில். யாருக்கு எதுன்னு எனக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

"அடேங்கப்பா!" டாக்டர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கல. "முடி கொட்டிக்கிட்டே வந்த இடமாச்சே சிஸ்டர் இது!"

நாற்காலியில உட்கார்ந்திருந்த லிஃப்ட் மெக்கானிக் முகத்துல மட்டும் ஈயாடல.

"டாக்டர், அதை எழுதிடாதீங்க. நான் ஒரு சொட்டுகூட என் தலையில தடவினதில்ல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"என்னது? மாசாமாசம் காலிப் பாட்டிலைக் கொண்டு வந்தீங்களே! நான் எடை போட்டுப் பார்த்தேனே!"

"எல்லாத்தையும் என் வீட்டுக்காரிகிட்ட கொடுத்துட்டேன் சிஸ்டர்."

வந்துச்சே எனக்குக் கோபம்!

"ஆராய்ச்சின்னா உங்களுக்கு விளையாட்டாப் போச்சா? உங்க கணக்கை நம்பி நாளைக்கு எத்தனை பேர் தலையில தடவுவாங்க தெரியுமா? அந்தம்மாவுக்கு ஏதாவது ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆகியிருந்தா யார் பதில் சொல்றது?"

"அதான் சிஸ்டர் சொல்லிட்டேன். பொய்க் கணக்கு ஏறிடக்கூடாது இல்ல?" அவர் நாற்காலியை விட்டு எழுந்தார். "அவ ஸ்கூல் டீச்சர். விஷக்காய்ச்சல் வந்து முடி கொத்துக் கொத்தாக் கொட்டிடுச்சு. பிள்ளைங்க சிரிப்பாங்கன்னு லீவு போட்டவதான், வாசப்படி தாண்டல. வீட்ல இருந்த கண்ணாடியை எல்லாம் கழட்டி வச்சுட்டா. இந்த ஆராய்ச்சிக்கு ஆம்பளைங்களை மட்டும்தான் எடுப்போம்னீங்க. அதான் நான் பேர் கொடுத்தேன். இப்பதான் நல்லா வளந்துட்டு வருது. திங்கக்கிழமை ஸ்கூலுக்குப் போறேன்னு அவளே சொல்லிட்டா. என்னை வேணா விலக்கிடுங்க. அவளுக்கு அந்தப் பாட்டிலை மட்டும் நிறுத்திடாதீங்க டாக்டர். உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சார்.

"உங்களை வச்சுக்கவும் முடியாது, பாட்டிலும் தர முடியாது. விதி அப்படி. ஆனா எனக்கு ஒண்ணுதான் புரியல. நீங்க தடவலேன்னா, இந்த முடியெல்லாம் எங்கிருந்து வந்துச்சு?"

"அவளையே கேளுங்க டாக்டர். ஸ்கூலுக்குப் போறதுக்கு முன்னாடி பழகட்டும்னு இன்னிக்குத்தான் முதல் தடவையா வெளியில கூட்டிட்டு வந்தேன்."

வெளியில பெஞ்சுல உட்கார்ந்திருந்த அந்த டீச்சரை உள்ளே கூப்பிட்டோம். தலையில இறுக்கிக் கட்டின ஸ்கார்ஃப். விஷயத்தைச் சொன்னதும் மறுபேச்சுப் பேசாம முடிச்சை அவிழ்த்தாங்க.

விரல் நீளத்துக்கு, கருகருன்னு, கையை விட்டா தோல் தெரியாத அளவுக்கு அடர்த்தி. ஒன்பது வருஷமா முடி எண்ணுறவ நான். என் கை தானா எண்ணப் போச்சு.

"பார்த்தீங்களா டாக்டர்!" மெக்கானிக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "எல்லாம் உங்க மருந்துதான்!"

"அந்த மருந்து என் தலையில ஒரு சொட்டுகூடப் படலைங்க," அந்தம்மா அமைதியாச் சொன்னாங்க. "காய்ச்சல்ல கொட்டினது தானா வளந்துடும்னு எங்க டாக்டர் அன்னிக்கே சொல்லிட்டார். இவர்தான் நம்பல."

"ஏம்மா, தினமும் கதவைச் சாத்திக்கிட்டுத் தடவுறேன்னு சொன்னியே!"

"கதவைச் சாத்தினது நிஜம். அப்புறம் வெளியில வந்து, வேலை அலுப்புக்குத் தைலம்னு சொல்லி உங்க தலையைப் பிடிச்சு விடுவேனே, அதை என்னன்னு நினைச்சீங்க?" டாக்டர் பக்கம் திரும்பினாங்க. "தினம் ஒரு மில்லி, அளந்துதான் வச்சேன் டாக்டர். ஒரு நாள்கூடத் தவறல. காப்பியடிக்கிற பிள்ளைங்களை எழுப்பி நிக்க வைக்கிறவ நான். என் வீட்டுக்காரரே உங்களை ஏமாத்தினா விட்டுடுவேனா?"

இத்தனை நேரம் நான் திட்டித் தீர்த்த மனுஷன், நம்ப முடியாம தன் தலையையே தடவிப் பார்த்துக்கிட்டிருந்தார்.

"அன்னிக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமேம்மா. ஏன் சொல்லல?" அவர் வீட்டுக்காரியைப் பார்த்துக் கேட்டார்.

"எப்படிங்க சொல்றது? உங்க ஆயுசுல நீங்க செஞ்ச ஒரே திருட்டு. அதுவும் எனக்காக. பிடிச்சுக் கொடுக்க மனசு வரல."